அடுக்கு மாறிக் கிடக்கும் புத்தகங்கள்

எங்கள் வீட்டில் புத்தக அலமாரி கிடையாது. வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு அறை வாடகை வீடு. அலமாரி வாங்கினால் பீரோவைத் தெருவில்தான் வைக்க வேண்டும். அதனால் புத்தகங்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தையல் மெஷின் மேல் கொஞ்சம், ஃபிரிட்ஜ் மேல் கொஞ்சம், கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் மீதி. வேலூர்ப் புரட்சி பற்றிய ஆய்வு நூலுக்கு மேல் குழந்தை வளர்ப்பு, அதற்கு மேல் ஜூல் வெர்னின் அறிவியல் புனைகதை, எல்லாவற்றுக்கும் மேல் கேஸ் புக்.

படிப்பதும் அதே வரிசையில்தான், அதாவது வரிசையே இல்லாமல். "எதையாவது ஒன்னைப் பிடிச்சு ஒழுங்கா முடியேன்" என்பார் என் வீட்டுக்காரர். வரலாறு படிக்கிற நண்பர்களுக்கு அறிவியல் புனைகதை சின்னப் பிள்ளை சமாச்சாரம். அறிவியல் புனைகதை படிக்கிறவர்களுக்குக் குழந்தை வளர்ப்பு நூல் என்றாலே கொட்டாவி வந்துவிடும். எனக்கோ, ஒரு வகைப் புத்தகம் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பேச்சை வேறொரு வகைப் புத்தகம்தான் வந்து எடுத்துத் தொடர்கிறது என்று தோன்றுகிறது. வேலூரில் உட்கார்ந்து படித்தால் இது இன்னும் நன்றாகவே தெரியும்.

கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோட்டை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அகழி, ஜலகண்டேஸ்வரர், வெளியே வந்தால் சுண்டல். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த 1806 வேலூர்ப் புரட்சி ஒரே ஒரு பத்தி. "1857க்கு முன்னோடி" என்று எழுதினால் இரண்டு மார்க். பி. சின்னையனும் அப்புறம் கா. அ. மணிக்குமாரும் ஆவணங்களைத் தோண்டி எழுதிய நூல்களைப் படித்த பிறகுதான், அந்த ஒரு பத்திக்குள் எத்தனை பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

1805 நவம்பரில் சென்னை ராணுவத்துக்கு ஒரு உத்தரவு வருகிறது. நெற்றியில் குறி இருக்கக் கூடாது, தாடி கூடாது, மீசை சொன்ன அளவில் இருக்க வேண்டும், தலைக்குப் புது மாதிரித் தலைப்பாகை. பார்த்தால் வெள்ளைக்காரத் தொப்பி போலவே இருக்கும், அதில் தோலால் ஆன ஒரு குஞ்சம் வேறு. எந்த மாட்டுத் தோலோ என்று இந்துவுக்குச் சந்தேகம், பன்றித் தோலோ என்று முஸ்லிமுக்குச் சந்தேகம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு துண்டுத் தோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வருகிற மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதே என் பாதி வேலை. எனவே சிப்பாய்களின் கவலை எனக்கு விசித்திரமாகப் படவில்லை. மறுத்தவர்களுக்குக் கிடைத்தது கசையடி.

1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளையும் பெண்களையும் கொண்டுவந்து வைத்தது இங்கேதான். மறுநாள் பொழுது விடியும் முன்பே துப்பாக்கி வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்களின் பாசறை மேலும் மருத்துவமனை மேலும் இந்தியச் சிப்பாய்கள் சுட்டார்கள். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்குப் போய், அங்கிருந்த வெள்ளைக்காரத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தது காலையிலேயே. ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர், இன்றைக்கு நம்ம பஸ் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டாமல் வந்தால் ஒரு மணி நேரம். பிறகு நடந்ததும் அதே அளவு கொடூரம். அரண்மனைக்குள் ஒளிந்த சிப்பாய்களில் நூறு பேர் வரை கில்லஸ்பியின் ஆட்கள் இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். தலைப்பாகை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கையும் படைத்தலைவர் கிரடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

இவ்வளவும் ஆண்களின் கதை. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவருடைய மனைவி பிழைத்து, நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கோழி அடைக்கிற அறையில் போய்ப் பதுங்கிய கதை அது. பீரங்கி எத்தனை, பட்டாளம் எந்தப் பட்டாளம் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்கு முக்கியமில்லை. பிள்ளை வாயைத் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். சுவரோரம் நிறுத்தப்பட்டவர்களின் வீட்டுப் பெண்கள் எழுதி வைக்கிற நிலையில் இல்லை. அந்த இடத்தோடு வரலாறு நின்றுவிடுகிறது. அங்கிருந்து எடுத்துத் தொடர்ந்தவர், நம்பினால் நம்புங்கள், ஜூல் வெர்ன்.

கடலுக்கடியில் நாட்டிலஸ் கப்பலை ஓட்டுகிற கேப்டன் நீமோவைத் தெரியாதவர்கள் குறைவு. 1870இல் புத்தகமாக வந்த முதல் கதையில் அவர் யார், எந்த ஊர் என்று வெர்ன் சொல்லவில்லை. 1875இல் வந்த மர்மத் தீவுக் கதையில் போட்டு உடைக்கிறார். நீமோவின் இயற்பெயர் இளவரசர் தக்கார். புந்தேல்கண்ட் ராஜாவின் மகன், திப்பு சுல்தானுக்கு உடன்பிறந்தார் பிள்ளை முறை. 1857இல் வெள்ளையரை எதிர்த்துச் சண்டை போட்டு, தோற்று, குடும்பத்தைப் பறிகொடுத்து, கடலுக்குள் போய்விட்ட ஆள். அப்படியென்றால் கோட்டையில் அடைபட்டிருந்த அந்தப் பிள்ளைகள் நீமோவுக்குப் பங்காளிகளோ மாமன் மக்களோ ஆகிறார்கள்! நான் சின்ன வயதில் படித்த சுருக்கப் பதிப்பில் ஆக்டோபஸ் மாதிரி ஒரு ராட்சத மீன் மட்டும் இருந்தது, இதெல்லாம் இல்லை.

கணக்குப் போட்டால் உதைக்கும். தக்கார் பத்து வயதில் ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய் 1849இல் முப்பது வயதில் திரும்புகிறார். அதாவது திப்பு இறந்து இருபது வருஷம் கழித்துப் பிறந்தவர். மைசூருக்கும் புந்தேல்கண்டுக்கும் எந்த வழியில் கொள்வினை கொடுப்பினை என்பதை வெர்னைத்தான் கேட்க வேண்டும். இன்னொரு சங்கதியும் உண்டு. வெர்ன் முதலில் நினைத்தது போலந்து நாட்டுப் பிரபு ஒருவரை, ரஷ்யர்களிடம் குடும்பத்தை இழந்தவராக. ரஷ்யாவில் புத்தகம் விற்காமல் போய்விடும் என்று பதிப்பாளர் எட்செல் மறுத்துவிட்டார். ஆக, நீமோ நமக்குச் சொந்தக்காரர் ஆனதில் விற்பனைக் கணக்குக்கும் பங்கு இருக்கிறது. இருக்கட்டும். கோபம் பொருந்துகிறது, அது போதும்.

முதல் கதையின் கடைசியில் நீமோ ஒரு போர்க்கப்பலை மோதி மூழ்கடிக்கிறார். ஆட்கள் பாய்மரத்தில் ஏறித் தவிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். பிறகு தன் அறைக்குள் போய், ஒரு பெண்ணும் இரண்டு குழந்தைகளும் இருக்கிற படத்தின் முன் மண்டியிட்டு அழுகிறார். இதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறாம் வகுப்பு. அவள் கேட்டது இதுதான்: "அந்தக் கப்பல்ல இருந்தவங்களுக்கும் வீட்ல பசங்க இருப்பாங்க இல்லம்மா?" கோட்டை மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிச் சிப்பாய்கள், சுவரோரம் நின்ற நூறு பேர், கோழி அறை என்று எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. "இருப்பாங்க" என்று மட்டும் சொன்னேன். ஆய்வு நூல்கள் இரண்டையும் மறுபடி எடுத்துப் படித்தது அந்தக் கேள்விக்காகத்தான்.

அப்படிப் படிக்கும்போதுதான் 1792 வேறு மாதிரி தெரிந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு, பணம் கட்டி முடிக்கும் வரை தன் இரண்டு சின்ன மகன்களைக் காரன்வாலிஸிடம் பிணையாகக் கொடுத்தார். யானையில் வந்து இறங்கும் பையன்களைக் கவர்னர் ஜெனரல் அன்போடு கைபிடித்து வரவேற்பதாக வெள்ளைக்கார ஓவியர்கள் படம் படமாக வரைந்து தள்ளினார்கள். அந்தப் பையன்கள் 1794இல் வீடு திரும்பினார்கள். ஐந்தே வருஷத்தில் அப்பா செத்தார், இவர்கள் வேலூர்க் கோட்டைக்கு வந்தார்கள். 1806க்குப் பிறகு கல்கத்தா. வரலாற்று நூலில் இது உடன்படிக்கை என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. குழந்தை வளர்ப்பு நூல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்றே தெரியவில்லை.

குழந்தை வளர்ப்பு நூல்களைப் பற்றி என் அபிப்பிராயம் கலவையானது. பெரும்பாலானவை யாரோ ஒரு வீட்டுக்காக எழுதியவை. அந்த வீட்டில் குழந்தைக்குத் தனி அறை இருக்கும், எட்டு மணிக்கு விளக்கை அணைப்பார்கள், மாமியார் இருக்க மாட்டார். கத்திரி வெயிலில் வேலூரில் ஒரே ஃபேனுக்குக் கீழே பாயை விரித்து நாலு பேரும் படுக்கிற வீட்டுக்கு அதில் பாதி ஒட்டாது. ஹைம் ஜினாட் 1965இல் எழுதிய புத்தகம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஒட்டியது. பால் கொட்டினால் பாலைப் பற்றிப் பேசு, பிள்ளையின் குணத்தைப் பற்றிப் பேசாதே என்பது அவர் கட்சி. கேட்க எளிது. காலை ஏழே முக்காலுக்குப் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது செய்து பாருங்கள்.

மனசுக்குள் போய் உட்கார்ந்தது டோட்டோ-சான். டெட்சுகோ குரோயநாகி 1981இல் ஜப்பானில் எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் கொண்டுவந்து, ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த புத்தகம். ஒரு பள்ளியிலிருந்து துரத்தப்பட்ட சிறுமி, பழைய ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக்கிய டோமோயே பள்ளிக்கு வருகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி முதல் நாள் அவளை உட்கார வைத்து, உனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல் என்கிறார். அவள் நான்கு மணி நேரம் பேசுகிறாள். மனுஷன் கொட்டாவி விடவில்லை. என் மகளிடம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். காட்பாடி ரயிலில் போன கதை, தோழி பென்சில் திருடிய கதை, தோழி திருடவில்லை என்று தெரிந்த கதை. குக்கர் மூன்றாவது விசில் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். கோபயாஷி வீட்டில் யார் சமைத்தார்கள் என்று புத்தகம் சொல்வதில்லை.

அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டில் கடலிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று இருக்க வேண்டும் என்பது ஒரு வழக்கம். மகள் பிடித்துக்கொண்டாள். வேலூரில் கடலுக்கு எங்கே போவது? பாலாற்றில் தண்ணீருக்கே வழியில்லை. அத்தை பானையிலிருந்து நெத்திலிக் கருவாட்டை எடுத்து, "இன்னா, இது கடல்ல இருந்து வந்ததுதானே?" என்றார். மலைக்கு ஜவ்வாது மலைச் சாமை இருந்தது. சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும். ஒரு ஜப்பானியப் பள்ளியின் விதி எங்கள் அடுப்பில் இப்படி நிறைவேறியது. கருவாட்டைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்ப முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

டோமோயே 1945இல் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதுவரை ரயில் பெட்டியும் விளையாட்டுமாக ஓடிய கதையில், யுத்தம் ஒரு சொல்கூட முன்னறிவிக்காமல் வந்து நிற்கவில்லை. கடையில் மிட்டாய் கிடைக்காமல் போவதில், வீட்டு நாய் காணாமல் போவதில், பள்ளிக் காவலாளி போர்முனைக்குப் போவதில் ஏற்கெனவே வந்துவிட்டிருக்கிறது. குழந்தையின் உயரத்திலிருந்து யுத்தம் இப்படித்தான் தெரியும் போல. இரண்டாம் உலகப் போர் பற்றித் தலையணை அளவில் ஒரு நூல் படித்திருக்கிறேன், அதில் எனக்கு இது கிடைக்கவில்லை.

நம்ம பக்கத்துக்காரர் மு.வ.வையும் இந்த வரிசையில் வைக்கலாம். வாலாஜாப்பேட்டைப் பக்கத்தைக் களமாக வைத்த 'அகல் விளக்கு' 1961இல் சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியது. அழகும் அறிவும் உள்ள சந்திரன் சீரழிகிறான், சாதாரணப் பையன் வேலய்யன் நிலைத்து நிற்கிறான். எங்கள் அப்பா தலைமுறைக்கு அதுதான் குழந்தை வளர்ப்பு நூல். பாத்திரங்கள் வாயைத் திறந்தால் அறிவுரை கொட்டுகிறது. இன்று பக்கங்களைத் தள்ளித்தான் படிக்க முடிகிறது. ஆனாலும் செல்லம் கொடுத்து ஒரு பிள்ளையை வீட்டார் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறார்கள் என்பதை மு.வ. கிராமத்துத் திண்ணையிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்.

இப்போது நான் அதிகம் பேச விரும்புகிற ஆளுக்கு வருகிறேன். டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தியவர். அவரைப் பற்றி டாரதி கிளார்க் வில்சன் எழுதிய வாழ்க்கை வரலாறும், பிற்காலத்தில் பிலிப் யான்சியோடு சேர்ந்து வலியைப் பற்றி அவரே எழுதியதும் இருக்கின்றன. இரண்டும் ஆங்கிலம். எந்த அடுக்கில் வைப்பீர்கள்? மருத்துவமா, வரலாறா?

தொழுநோய் விரலைத் தின்கிறது என்றுதான் ஊரே நம்பியிருந்தது. பிராண்ட் ஒவ்வொரு காயமாக விசாரித்தார். சூடான பாத்திரத்தை வெறும் கையால் இறக்கியது, பூட்டில் சாவியை விரல் கிழியத் திருகியது, ஆணி தைத்த காலோடு நாள் முழுக்க நடந்தது. நரம்பு மரத்துவிட்டதால் வலி தெரியவில்லை, வலி தெரியாததால் கையைக் காப்பாற்றத் தோன்றவில்லை. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் காலையில் இல்லை என்று சிலர் வந்தபோது, ராத்திரி கண் விழித்துக் காவல் காத்துப் பார்த்திருக்கிறார்கள். எலி! தூங்குகிறவரின் விரலை எலி கடித்துத் தின்கிறது, அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளியோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்புவது வழக்கமானது. மருத்துவ வரலாற்றில் எனக்குப் பிடித்த மருந்துச் சீட்டு அதுதான்.

இதற்கு அடுத்த கட்டம் அறிவியல் புனைகதையேதான். அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, செயற்கையாக வலியைச் செய்து கொடுத்தால் என்ன என்று பிராண்ட் யோசிக்கிறார். கையுறையில் அழுத்தம் உணரும் கருவிகள். ஆபத்தான அளவுக்கு அழுத்தினால் எச்சரிக்கை ஒலி. நோயாளி கேட்டும் கேட்காதது போல் வேலையைத் தொடர்ந்தார். ஒலிக்குப் பதில் லேசான மின்சார அதிர்ச்சி வைத்தார்கள். கொஞ்சம் அழுத்தமாகத் திருக வேண்டிய வேலை வந்ததும் நோயாளி சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார். அணைக்க முடிகிற வலி வலியே இல்லை என்று புரிந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். எந்தக் கதாசிரியருக்கும் இந்தச் சுவிட்ச் தோன்றியிருக்காது.

பிராண்டின் சொந்தப் பிள்ளைப்பருவமும் கூடவே வருகிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929இல் மலையில் அப்பா காய்ச்சலில் இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிப் போட்ட கடிதங்களோ கப்பலில் மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தன. இறந்துபோனவர் மலையில் பார்த்த மரங்களைப் பற்றி மகனுக்கு எழுதியவை. இந்தப் பக்கத்தைப் படித்த வாரம்தான் மகள் சைக்கிள் பழகி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அத்தை மஞ்சள் குழைத்து வைத்தார். அவள் கத்திய கத்தலை நான் அன்று கொஞ்சம் நிம்மதியோடுதான் கேட்டேன்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை 1980களில் படித்தவர்களுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய்தான் ஞாபகம் இருக்கும். கதை நடக்கிற காலமோ நமக்குப் பின்னால் போய்விட்டது. இப்போது திரும்பப் படித்தால் முதல் பக்கங்கள் நிறுத்துகின்றன. நாயகி நிலா குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டிய உலகம், பெயர் கூட இரண்டெழுத்துக்கு மேல் கூடாது. குழந்தை வளர்ப்பு நூல்கள் கேட்கத் தயங்குகிற கேள்வி, பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பது, அங்கே முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. மகளுக்கு ஜீனோ போதும்.

அந்தக் கதையின் சூட்டோடு அவளைக் காவலூருக்கு அழைத்துப் போனோம். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம். 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986இலிருந்து அங்கே இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டதில் காவலூருக்கும் பங்குண்டு. பொதுமக்களுக்குச் சின்னத் தொலைநோக்கிதான் கிடைக்கும். அதில் சனியைப் பார்த்தோம். "ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கு" என்றாள். உண்மைதான், அவ்வளவு துல்லியம். திரும்பும் வழியில் ஆம்பூரில் பிரியாணி.

இப்படி எல்லாம் கலந்து கிடப்பதில் ஒரு ஆபத்து உண்டு. பெரியவர்கள் புத்தகம், பிள்ளைகள் புத்தகம் என்று தனித்தனி அடுக்கு இருந்தால் அதது அதன் இடத்தில் இருக்கும். எங்கள் வீட்டில் நீமோவைத் தேடிப் போன மகள் கைக்கு ஜினாட் சிக்கிவிட்டார். ஆங்கிலம் முழுசாகப் புரிந்திருக்காது. புரிய வேண்டியது மட்டும் நன்றாகப் புரிந்திருக்கிறது. போன வாரம் பள்ளிப் பையை நடுக்கூடத்தில் போட்டுவிட்டுப் போனவளைப் பார்த்து, "சோம்பேறிக் கழுதை, எத்தனை தடவை சொல்றது" என்று ஆரம்பித்தேன். அவள் நிதானமாகத் திரும்பி, "அம்மா, பையைப் பத்திப் பேசு. என்னைப் பத்திப் பேசாதே" என்றாள். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டார். வேன் ஹாரன் அடித்தது. பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.